ஒரு நாழிகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

ஆண்டு விழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். ஓராண்டில் வந்த தொகை எவ்வளவு, சென்ற தொகை எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று பொருளாளர் படிப்பார். உறுப்பினர் செவி சாய்த்துக் கேட்பர். நூறு ரூபாய்க்கு இரசீது இல்லையென்றால், அஃது எங்கே போயிற்று என்று வினவ ஒருவரேனும் எழுந்து நிற்பார். நல்ல வழக்கமே. ஆயின், அதே ஓராண்டில் நம்மில் ஒவ்வொருவர்க்கும் 8,760 மணி நேரம் வரவாயிற்று. ஏழைக்குக் குறைவுமில்லை, செல்வர்க்கு மிகுதியுமில்லை. அதில் எத்தனை மணி நமக்குப் பயன்பட்டது, எத்தனை மணி போன இடம் தெரியாமற் போயிற்று என்று கேட்க எவரும் எழுவதில்லை. கேட்டாலும் காட்டுவதற்கு நம்மிடம் இரசீது இல்லை. அந்தக் கணக்கேட்டைச் சிறிது புரட்டிப் பார்ப்பதே இன்று நாம் மேற்கொண்ட பணி.

தமிழர் பொழுதை அளந்தறிந்து வாழ்ந்தவர். நாளை ஆறு சிறுபொழுதாகவும் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகவும் வகுத்தது நம் இலக்கணம். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். இக்காலக் கணக்கில் ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். பத்துப்பாட்டில் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், பாசறையிலிருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் நீர்க்கருவியைப் பார்த்துப் பொழுது அறிவிக்கும் செய்தி வருகின்றது. போர்க்களத்திற்குச் சென்றபோதும் பொழுதளக்கும் கருவியை உடன் கொண்டு சென்றனர் என்றால், அவர்கள் பொழுதை எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பது விளங்கும். திருவள்ளுவரோ காலமறிதல் என ஓர் அதிகாரமும் மடியின்மை என மற்றோர் அதிகாரமும் வகுத்தருளினார்.

இத்தகைய மொழியில் இன்று நாம் மிகுதியாக வழங்கும் ஒரு சொல் உண்டு. அது ‘பொழுதுபோக்கு’ என்பது. பணத்தைப் போக்கினான் ஒருவன் என்றால், ஐயோ என்று இரங்குகின்றோம். பொழுதைப் போக்கினான் என்றால், நன்றாகக் களித்தான் என்று மகிழ்கின்றோம். போக்கிய பணத்தை உழைத்து மீண்டும் ஈட்டலாம். போக்கிய பொழுதை ஈட்டுவதற்கு எந்தச் சந்தையிலும் வழியில்லை.

நாம் வந்து குடியேறிய இந்த மும்பை மாநகர்க்கும் பொழுதுக்கும் தனியொரு தொடர்பு உண்டு. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நாடு முழுமைக்கும் ஒரே நேரம் வகுக்கப்பெற்றது. அதற்கு முன்னர் இந்நகருக்குப் பம்பாய் நேரம் என்று ஒன்று இருந்தது. சென்னைக்குச் சென்னை நேரம் இருந்தது. இரண்டிற்கும் இடையே அரைமணி வேறுபாடு. இரயில்வேக்களோ சென்னை நேரத்தையே கைக்கொண்டிருந்தன. ஆதலின், அக்காலத்தில் தென்னாட்டிலிருந்து புகைவண்டியில் வந்து இறங்கிய தமிழர் நிலையத்துக் கடிகாரத்தில் தம் ஊர்ப்பொழுதையே கண்டனர். வெளியே வந்து பார்த்தாலோ, நகரக் கடிகாரம் அரைமணி பின்னே நின்றது. யாரோ அரைமணி நேரத்தைப் பரிசாக அளித்ததுபோல் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். பொது நேரம் வந்த பின்னரும் தன் பழைய நேரத்தை எளிதில் கைவிட இந்நகர் இசையவில்லை. பம்பாய் நேரம் ஒருசார் வழக்கில் 1955 வரையிலும் நின்றது. இன்று அந்த அரைமணிப் பரிசை அளிப்பார் எவருமிலர். கொள்வாரே பலராயினர்.

முதலில் கொள்வது எது? நம் லோக்கல் வண்டி. 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணே வரை இந்நாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி ஓடியது. 1925-இல் குர்லா வரை முதல் மின்சார வண்டி ஓடியது. அன்று அது மக்களின் பொழுதை மிச்சப்படுத்த வந்தது. நகரம் வளர்ந்தது, வீட்டு வாடகையும் வளர்ந்தது, மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் இருந்தவர்களின் மக்கள் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும் கல்யாணுக்கும் அப்பாலும் சென்று குடியேறினர். கல்யாணிலிருந்து கடைசி நிலையம் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். செல்ல ஒரு மணி, மீள ஒரு மணி என்று குறைத்தே கொள்வோம். மாதத்திற்கு 25 நாள் என்றால் ஆண்டிற்கு 600 மணி நேரம். அஃதாவது, இரவும் பகலுமாக 25 முழு நாட்கள். முப்பதாண்டு ஊழியம் செய்து ஓய்வு பெறும் ஒருவர், தம் வாழ்நாளில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இரவு பகலாக வண்டியிலேயே நின்றவர் ஆகின்றார்.

இவ்விழப்பிற்கு நாம் பொறுப்பல்லேம். வயிற்றுப்பாடு அங்ஙனம் ஆயிற்று. ஆயினும், இவ்வாறு பெரும்பகுதியைக் கட்டாயமாக இழந்தவர், எஞ்சிய சிறு பகுதியை எத்துணைப் பேணிக் காத்தல் வேண்டும்? கூலி குறைந்தவன் காசைக் கட்டிக் காப்பான் அன்றோ? நாமோ எஞ்சிய பொழுதைத்தான் மிகத் தாராளமாக இறைக்கின்றோம். பிறகு, “நேரமே இல்லை” என்கின்றோம். இச்சொல் பாதி உண்மை. மற்றப் பாதி, நேரம் இருந்தும் நெஞ்சம் அங்கே இல்லை என்பது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று முழுதாகப் பையில் இருக்கும்வரை இருக்கும். மாற்றிவிட்டால் பத்தும் இருபதுமாகப் போய்விடும். எதற்குச் சென்றது என்றும் தெரியாது. பொழுதும் அவ்வாறே சில்லறையாகிப் போகின்றது. ஆனால், பணத்திற்கும் பொழுதிற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சில்லறையைச் சேர்த்துக் கொடுத்தால் மீண்டும் ஒரு தாள் கிடைக்கும். ஐந்தைந்து நிமிடமாகச் சிதறிய ஆறு துண்டுகளைச் சேர்த்தால் ஓர் அரைமணி கிடைப்பதில்லை. ஒரு கடினமான கணக்கைப் போடவும், ஒரு நல்ல நூலின் பொருளை உணரவும், மகனிடம் மனம்விட்டுப் பேசவும் முழுத்தாள் வேண்டும், சில்லறை செல்லாது.

ஏன் செல்லாது என்பதை இக்கால அறிஞர் ஆராய்ந்துள்ளனர். ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றிற்குத் தாவும்போது உள்ளம் முழுதும் தாவுவதில்லை. அதன் ஒரு கூறு பழைய வேலையிலேயே தங்கிவிடுகின்றது என்று சோபி லெராய் என்னும் பேராசிரியர் 2009-இல் எழுதினார். அத்தங்கலைக் ‘கவன எச்சம்’ எனலாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாயிலில் வந்து பேசுகின்ற தாய்மார்க்கு இது நன்கு தெரியும். பேச்சும் நிறைவதில்லை, பாலும் நிலைப்பதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குளோரியா மார்க் என்னும் அறிஞர், கணினித் திரையின் முன் அமர்ந்து வேலை செய்வோர் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கின்றனர் என்று அளந்தார். 2004-இல் சராசரி இரண்டரை நிமிடம் இருந்தது. பின்னாளில் அளந்தபோது அது 47 விநாடியளவிற்குச் சுருங்கிவிட்டது. ஒரு நிமிடங்கூட ஓரிடத்தில் நில்லாத உள்ளத்தைக் கொண்டு நாம் எதைக் கற்போம்? எதை ஆக்குவோம்?

பொழுதைக் கவர்வன மூன்று என்று கூறலாம்.

முதலாவது, நம் சட்டைப்பையிலேயே குடியிருக்கும் கைப்பேசி. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. திருநெல்வேலிச் சிற்றூரில் இருக்கும் அன்னையின் முகத்தை மும்பையிலிருந்து காட்டுவது அதுதான். ஒரு கடிதத்திற்கு விடை வரப் பல நாள் காத்திருந்த தலைமுறை இதன் அருமையை அறியும். ஆனால், அன்னையின் முகத்தைப் பார்க்க எடுத்த கருவி, பார்த்து முடிந்த பின்னும் கையைவிட்டு இறங்குவதில்லை. ஒரு படம் முடியுமுன் மற்றொன்று தானே வந்து நிற்கின்றது. நூலுக்குக் கடைசி ஏடு உண்டு. நாடகத்திற்குத் திரை விழும் நேரம் உண்டு. இதற்கு முடிவே வைக்கப்படவில்லை. நம் விழிகள் அதில் நிலைக்கும் நேரமே அதனை நடத்துவோர்க்கு வருவாய். ஆதலின் முடிவு வைப்பதும் விடுவதும் அவர்கள் கடமையன்று, நம் கடமை.

இரண்டாவது, ஒத்திப்போடும் பழக்கம். காலம் நீட்டித்தலை மறதியோடும் சோம்பலோடும் அளவிறந்த துயிலோடும் ஒருங்கு வைத்து எண்ணினார் வள்ளுவர். இதில் ஓர் நுட்பம் உண்டு. ஒத்திப்போடுகின்றவர் எல்லாரும் சும்மா இருப்பவர் அல்லர். பலர் ஓயாது ஏதேனும் செய்துகொண்டே இருப்பர். விண்ணப்பம் எழுத வேண்டிய நாளில் அலமாரியை அடுக்குவர்; தேர்வுக்குப் படிக்க வேண்டிய நாளில் அட்டவணைக்கு வண்ணந்தீட்டுவர். கடினமான ஒன்றைச் செய்யாமலிருப்பதற்காக எளிதான பத்தினைச் செய்வதும் சோம்பலின் ஒரு வகையே. வியர்வை சிந்துவதால் அதனைச் சோம்பல் என்று நாம் அறிவதில்லை.

மூன்றாவது, எல்லை வகுக்காத வேலை. சிங்கப்பூரில் அந்நாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் என்பவர், 1955-இல் ஒரு வார இதழில் நகைச்சுவையாக ஒரு விதியைக் கூறினார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகின்றோமோ, அவ்வளவு நேரத்தையும் நிரப்பும் வண்ணம் அவ்வேலை வீங்கிக்கொள்ளும் என்பதே அது. நகைச்சுவை ஆயினும் உண்மை. ஊருக்குப் புறப்படும் நாளில் பத்து நிமிடத்தில் முடியும் கடைவீதி வேலை, ஞாயிற்றுக்கிழமையில் காலைப்பொழுதை முழுதும் விழுங்கிவிடுகின்றது அன்றோ?

இவற்றை வென்றவர் உண்டா என்று கேட்கலாம். தவத்தோரையும் செல்வரையும் காட்டினால், “அவர்க்கு என்ன, நேரமிருந்தது” என்று கூறிவிடுவோம். ஆதலின், நம்மைப் போன்று மாதச் சம்பளத்திற்கு வேலை பார்த்த இருவரை ஈண்டு நினைவுகூர்வோம்.

கணிதமேதை இராமானுசன் 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். பகலில் கணக்குப் பிரிவில் வேலை. மற்றப்பொழுதெல்லாம் தம் கணித ஆராய்ச்சி. தாளுக்குச் செலவிட வகையின்றிச் சிலேட்டுப் பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதினார். அவ்வேலையில் இருந்தபோதுதான், 1913-ஆம் ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் அவரைக் கடல் கடந்து அழைத்துச் சென்றது. 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினர் ஆக்கியது. 1920-இல் தம் முப்பத்திரண்டாம் அகவையில் அவர் மறைந்தார். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மிகக் குறுகிய வாழ்வு. அவர் பெற்ற அறிவு நமக்கு வாயாது, அதனை ஒப்புக்கொள்வோம். ஆனால், அலுவலகம் விட்டு வந்த பின் எஞ்சிய பொழுது எதற்கும் உதவாத எச்சிற்பொழுது அன்று என்பதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகின்றது.

மற்றொருவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியின்பால் அவர் கருத்துச் சென்றது. நாள்தோறும் கல்லூரியில் பாடஞ் சொல்லும் கடமை தவறவில்லை. ஏட்டுச்சுவடிகளைத் தேடுவதும், ஒன்றோடொன்று ஒப்பிடுவதும், திரிந்த பாடங்களைத் திருத்துவதும் எஞ்சிய பொழுதில் நிகழ்ந்தன. ஏழாண்டு கழிந்து 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என அடுத்தடுத்து வெளிவந்தன. இவ்வளவும் அவர் கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்துகொண்டே செய்தவை. ஒரு நூல் முடிந்த பின்னரே மற்றொரு நூல் என்பதன்று இதன் பொருள். சுவடிகள் கிடைத்தபோதெல்லாம் திரட்டி வைத்தவரே அவர். ஆனால், எடுத்ததை இடையில் விட்டுவிடவில்லை. மாலை நேரம் முழுதும் வீணாயிற்று என்று நாம் ஒவ்வொரு நாளும் கூறிக்கொள்கின்றோமே, அத்தகைய மாலை நேரங்களில்தான் தமிழர் தம் பழம்பெருஞ் செல்வத்தின் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டனர்.

“படிக்க வீட்டில் இடமில்லை” என்பது இந்நகரில் நாம் கேட்கும் மற்றொரு குறை. மெய்யான குறையே. ஒற்றை அறையில் ஐவர் வாழும் இல்லங்களை நாம் அறிவோம். ஆயினும், இந்நகரின் பரேல் பகுதியில், தொழிலாளர் வாழும் சால் குடியிருப்பில் வாழ்ந்து கற்றவர் அண்ணல் அம்பேத்கர். பின்னர்த் தாதரில் அவர் இல்லம் எடுத்தபோது, தம் நூல்களுக்கு இடம் வேண்டும் என்பதையே பெரிதாகக் கருதினார். இராஜகிருகம் எனப்படும் அவ்வில்லம் இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. தாதரில் இறங்கும் நம் பிள்ளைகளுக்கு அதனை ஒருமுறையேனும் காட்டுதல் நன்று.

இனி, தாய்மார் முன்னிலையில் ஒரு செய்தியைக் கூறாது விடுதல் முறையன்று. பொழுதை வீணாக்காதீர் என்று ஆடவர் மேடையேறிப் பேசுவது எளிது. அவர் மிச்சப்படுத்திய பொழுது யாருடையது என்று பார்த்தல் வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் இந்தியா முழுமையும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. 2019-இல், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்டிர் நாளொன்றுக்கு 299 நிமிடம் அதில் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆடவர் 97 நிமிடம் செலவிட்டனர். 2024-இல் பெண்டிர்க்கு 289 நிமிடம். ஆடவர்க்கு 88 நிமிடம். ஐந்தாண்டில் பெண்டிர் பத்து நிமிட விடுதலை பெற்றனர். ஆடவரும் பின்தங்காது ஒன்பது நிமிட விடுதலை எடுத்துக்கொண்டனர்! மகளிர் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் வரும் தாய்மாரை இந்நகரில் எவரும் காணலாம். அவர்க்கு நேர ஒழுங்கைக் கற்பிக்க நாம் யார்? அவர்க்கு வேண்டுவது அறிவுரையன்று. வீட்டு வேலையில் பங்கு. கணவர் ஒரு நாழிகை அடுக்களையில் நின்றால், மனைவி ஒரு நாழிகை அமர்ந்து நாளிதழ் படிக்கலாம். வீட்டில் ஒருவர் பொழுதை மற்றொருவர் உண்டு வாழ்வது சிக்கனம் ஆகாது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? பெரிய திட்டங்கள் வேண்டா. நான்கு மணிக்கு எழுவேன், நாற்பது நூல் படிப்பேன் என்னும் சூளுரைகள் பெரும்பாலும் தைப்பொங்கலுக்கு எடுக்கப்பெற்று மாசி பிறக்குமுன் மறக்கப்படுவன. நாம் முன்மொழிவது ஒன்றே: நாள்தோறும் ஒரு நாழிகை.

இத்தாலி நாட்டினராகிய பிரான்செசுகோ சிரில்லோ என்பவர், 1980-களின் பிற்பகுதியில் மாணவராக இருந்தபோது, அடுக்களையில் பயன்படும் தக்காளி வடிவ மணிக்கருவி ஒன்றை முடுக்கி வைத்து, அது ஒலிக்கும்வரை வேறு எதனையும் நினையாமல் ஒரே பாடத்தைப் படிக்கும் முறையை வகுத்தார். நாளடைவில் 25 நிமிட வேலை, ஐந்து நிமிட ஓய்வு என்று அம்முறை உறுதிப்பட்டு உலகெங்கும் பரவிற்று. அவர் கண்ட அளவிற்கும் நம் முன்னோர் வட்டிலில் அளந்த நாழிகைக்கும் வேறுபாடு ஒரே நிமிடந்தான்! இதனால் எல்லாம் நம்மிடமே இருந்தது என்று மார்தட்ட வேண்டுவதில்லை. நாழிகை அவர்க்குப் பொழுதளவு, சிரில்லோவிற்கு அது பயிற்சி. இரண்டையும் இணைத்து நாம் பயன் கொள்ளலாம்.

அந்நாழிகைக்கு விதி மூன்று. தொடங்குமுன் செய்யவேண்டிய ஒன்றை ஒரே வரியில் எழுதிவைத்தல் வேண்டும். கைப்பேசியை அணைத்து அறைக்கு வெளியே வைத்தல் வேண்டும். எதிரே கவிழ்த்து வைத்தல் போதாது. இடையில் வேறு நினைவு வந்தால், எழுந்து செல்லாமல், பக்கத்தில் ஒரு தாளில் குறித்துவிட்டுத் தொடர்தல் வேண்டும். மின்கட்டணம் கட்டவில்லை என்பது நினைவுக்கு வரும், குறித்துக்கொள்க. நாழிகை முடிந்த பின் கட்டினால் விளக்கு அணைந்துவிடாது.

எதை எப்போது செய்வது என்று அவ்வப்போது எண்ணிக்கொண்டிருப்பதும் பெருஞ்செலவே. இந்நகரின் டப்பாவாலாக்களைப் பாருங்கள். 1890-இல் தோன்றிய தொழில் அது. ஒரு சாப்பாட்டுப் பெட்டி பல கைகள் மாறி, இரயிலேறி, உரியவர் மேசையை நண்பகலுக்குள் அடைகின்றது. ஒவ்வொரு பெட்டியையும் கையிலெடுத்து, இஃது எவருடையது, எங்கே செல்வது என்று அவர்கள் ஆராய்வதில்லை. மூடியின்மேல் வண்ணத்தாலும் எழுத்தாலும் எண்ணாலும் முன்னரே குறி இட்டிருக்கின்றது. கண் பார்க்கின்றது, கை செய்கின்றது. நாமும் மறுநாளைய வேலைகளுக்கு முதல்நாள் இரவே குறியிட்டு வைத்தால், காலையில் எண்ணித் தயங்கும் பொழுது மிஞ்சும்.

வண்டியில் கழியும் பொழுதை என் செய்வது? அமர்ந்தால் படிக்கலாம். நிற்கக் கிடைத்தாலே பேறு என்னும் கூட்டத்தில் படி என்று கூறுவது கொடுமை. அப்போது கண்ணை மூடி நிற்பதும் ஓர் ஓய்வே. ஒருசிலர் குழுவாகக் கூடிப் பஜனை பாடிச் செல்கின்றனர். அவர்கள் இறங்கும்போது முகம் வாடியிருப்பதில்லை.

இதனால் ஓர் உண்மையை வற்புறுத்த விரும்புகின்றோம். ஓய்வு வீண் அன்று. நல்ல உறக்கம் வீண் அன்று. நோயுற்ற அயலாரைக் கண்டு இரண்டு சொல் பேசிவருவதும், முதியவர் நூறாம் முறையாகக் கூறும் பழங்கதையைப் பொறுமையோடு கேட்பதும், ஒன்றும் செய்யாமல் கடற்கரையில் அமர்ந்து அலையைப் பார்ப்பதும் வீண் அல்ல. எந்தப் பொழுதில் நாம் முழுமையாக இருந்தோமோ, அது நம்முடையது. எந்தப் பொழுதில் வேலையும் இன்றி, ஓய்வும் இன்றி, உறவும் இன்றி, விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்ததோ, அதுவே வீண். மணித்துளி ஒவ்வொன்றையும் காசாக்கத் துடிப்பவனும் பொழுதை இழந்தவனே. அவன் கருமியைப் போன்றவன், வைத்திருந்தும் துய்க்காதவன்.

இத்துணையும் எதற்காகக் கூறினோம்? நம் பிள்ளைகளுக்காக. தாத்தா தமிழில் கடிதம் எழுதினார். தந்தை தமிழ் படிப்பார்; எழுதச் சற்றே தயங்குவார். பேத்தியோ தமிழைக் கேட்டால் விளங்கிக்கொள்கின்றாள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ விடையளிக்கின்றாள். அவள் மீது குற்றமில்லை. மராத்தி மண்ணில் வாழ்கின்றாள். மராத்தியைக் கற்றுச் சிறத்தல் அவள் கடமை. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்தி வருகின்றது. ஆயினும் நம் பிள்ளைகளிற் பலர் வேறு பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்க்குத் தமிழ் எழுத்து வீட்டில்தான் வரவேண்டும். கற்பிக்க விரும்பாத பெற்றோர் எவருமிலர். “நேரமில்லை” என்பதே எல்லார் விடையும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். கிழமைக்கு ஆறு நாள், நாளுக்கு ஒரு நாழிகை. ஓராண்டில் ஏறத்தாழ 125 மணி நேரம். நம் எழுத்துக்கள் 247. அறிவுள்ள குழந்தை ஒன்று எழுத்துக்கூட்டிப் படிக்கவும், பாட்டிக்கு நான்கு வரி எழுதவும் அந்த 125 மணி போதும். அதன் பொருட்டு நாம் விடவேண்டியது எது? இரவு உணவிற்குப் பின் திரையில் ஓடும் ஒரு நாழிகை. ஒரு தட்டில் அந்த நாழிகை. மறுதட்டில் ஒரு குழந்தையின் தாய்மொழி. எது கனம் என்று நாமே நிறுத்துப் பார்ப்போமாக. இன்று ஒத்திப்போட்டால் அடுத்த ஆண்டு கற்பிக்கலாம் என்று எண்ணுதல் வேண்டா. குழந்தை நமக்காக ஏழு வயதிலேயே காத்திருப்பதில்லை.

இறுதியாகச் சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாலை ஆறு மணி என்று அழைப்பிதழில் அச்சிட்டு ஏழுக்குத் தொடங்குவது தமிழ்க் கூட்டங்களின் மரபு என்று நகையாடுவோர் உளர். இருநூறு பேர் அரைமணி காத்திருந்தால் நூறு மணி நேரம் செலவாகின்றது. குறித்த நேரத்தில் வந்தவர்க்குத் தண்டனை, தாமதித்து வந்தவர்க்கு வரவேற்பு என்னும் முறை மாறுதல் வேண்டும். பொன்னாடைகள் குறையட்டும், முன்னுரைகள் சுருங்கட்டும். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டுமே என்று கவலையோடு அமர்ந்திருப்பவரின் செவியில் கம்பனும் ஏறான். குறித்தபடி தொடங்கிக் குறித்தபடி முடிக்கும் சங்கத்திற்கு இளைஞர் தாமே வருவர். தம் பொழுதை மதிக்கும் இடத்தைப் பிள்ளைகளும் மதிப்பர்.

எமக்கு ஒதுக்கிய நேரமும் நிறைவுற்றது. அதனைக் கடந்து பேசினால் இதுவரை பேசியதற்குப் பொருளில்லை. இன்றிரவு இல்லம் சேர்ந்ததும், ஒரு தாளை எடுத்து, நாளை நமக்குரிய அந்த ஒரு நாழிகை எது, அதில் செய்யப்போவது எது என்று ஒரே வரியில் எழுதுவோம். அடுத்த ஆண்டு விழாவில் பொருளாளர் கணக்குப் படித்து முடித்ததும், இங்கே அமர்ந்துள்ள சிறுவன் ஒருவனோ சிறுமி ஒருத்தியோ மேடையேறி ஒரு பக்கத் தமிழைத் தானே படித்துக் காட்டினால், அதுவே நாம் செலவிட்ட பொழுதிற்கு இரசீதாகும்.

சங்கம் வாழ்க!